மணல் வாங்கப் போகிறீர்களா?

வீடு கட்டுகிறவர்கள் மணல் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவது நமக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால், கூடத்தில் வைக்கும் ஒரு கண்ணாடித் தொட்டியின் அடியில் பரப்புவதற்கான மணலுக்கு ஒருவர் பெருமூச்சு விட்டால் நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. "மணலுக்குமா இந்த விலை? பஸ் ஏறினால் சமுத்திரம். அங்கே கொட்டிக் கிடக்கிறதே!" என்று கேட்கத் தோன்றுகிறது.

கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டுச் செலவைக் கவனிக்கிற எந்தப் பெண்மணியும் அதைக் கேட்காமல் விடமாட்டாள். அதற்குச் சரியான பதில் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சமாகும், மீனும் பிழைக்கும். தெரியாமல் போனாலோ, இரண்டும் போகும்.

தங்க மீனும் கப்பி மீனும் வளர்ப்பது நம் ஊர்களில் பழைய பொழுதுபோக்கு. சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் வண்ண மீன் கடைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நன்னீர் மீன்கள். ஆனால் 2003-ல் நீமோ என்ற கோமாளி மீனின் கதை சித்திரப் படமாக வந்தாலும் வந்தது, குழந்தைகளுக்கு நன்னீர் மீன் போதவில்லை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கடல் மீன்தான் வேண்டும் என்று பிடிவாதம். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் வாங்கித் தருவதாக அப்பாவும் வாக்குக் கொடுத்துவிடுகிறார். கணக்குப் பார்க்கும் பொறுப்பு வழக்கம்போல் அம்மாவின் தலையில் வந்து விழுகிறது.

கடல் மீனை வீட்டில் வைப்பது நம்மவர்களுக்கு ஒன்றும் புதிதல்ல. 1909-லேயே சென்னை மெரீனா கடற்கரையில் மீன் காட்சிசாலை திறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் அது மூடப்பட்டது. கடல் பக்கத்திலேயே இருந்ததால் அவர்களுக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் நமக்கோ உப்பிலிருந்து மணல் வரை எல்லாமே காசு.

இந்தச் செலவுகளில் உப்பைக் குறைக்க முடியாது. சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஊற்றினால் மீன் தாங்காது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் பல தாதுக்கள் சேர்ந்திருக்கின்றன. அதற்கென்று தயாரித்த கலவையைத்தான் வாங்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதிக்கும் சாமான்களையும் குறைக்கக் கூடாது. தாராளமாகச் சிக்கனம் செய்யக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது மணல்தான்.

மணல் எதற்கு?

முதலில் ஒரு ரகசியம்: மணல் இல்லாமலே கடல் மீன் வளர்க்கலாம். வெறும் கண்ணாடித் தரையோடு தொட்டி வைத்திருப்பவர்கள் உலகெங்கும் உண்டு. கழிவு சேர்வது கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சி எடுப்பது சுலபம். காசு கணக்கில் இதைவிட மலிவு வேறு கிடையாது.

ஆனால் சில ஜீவன்களுக்கு மணல்தான் படுக்கை. கடல் மீன்களில் 'ராஸ்' என்று சொல்லும் வகையில் பல மீன்கள் இரவானால் மணலுக்குள் புதைந்துகொண்டுதான் தூங்கும். 'கோபி' வகையில் சில மீன்கள் வாய் நிறைய மணலை அள்ளி, அதில் உள்ள இரையைச் சலித்துத் தின்றுவிட்டு, மணலைச் செவுள் வழியாக வெளியே விடும். நாம் அரிசியில் கல் பொறுக்குவது போல அது மணலில் சோறு பொறுக்குகிறது! இப்படிப்பட்ட மீன் வாங்குவதானால் மணல் கட்டாயம் வேண்டும். அதுவும் முனை மழுங்கிய மணலாக இருக்க வேண்டும். கண்ணாடித் தூள் போன்ற கூரான மணல் செவுளைக் கிழித்துவிடும்.

மணலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கொடுமையில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது இந்த நுண்ணுயிர்கள்தான். தொட்டியின் உண்மையான வேலைக்காரர்கள் இவர்களே. மணல் இவர்களுக்கு வாடகை வீடு. வீடு எந்தக் கல்லால் கட்டியது என்று அவர்கள் கேட்பதில்லை.

கடையில் சொல்வதும் கணக்கில் வருவதும்

கடல் மீன் தொட்டிக்கென்று கடைகளில் விற்கும் வெள்ளை மணல் பெரும்பாலும் 'அரகோனைட்'. சுண்ணாம்புச் சத்தான கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம் அது. வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வரும் சரக்கானால் விலையில் பாதி பயணச் செலவாகவே இருக்கும். "இந்த மணல் தண்ணீரின் காரத்தன்மையைத் தானே காப்பாற்றும்" என்று அதற்கு ஒரு பெருமையும் சொல்வார்கள்.

அந்தப் பெருமையில் கொஞ்சம் உண்மை உண்டு, கொஞ்சம்தான். நல்ல கடல் தொட்டியில் தண்ணீரின் பி.எச். அளவு 8.1 முதல் 8.4 வரை இருக்கும். அந்த அளவில் அரகோனைட் கரையாது. மணல் படுக்கையின் ஆழத்தில், நுண்ணுயிர்களின் வேலையால் அமிலம் கூடும் இடத்தில்தான் சிறிது கரையும். ஆகவே மணலை நம்பித் தண்ணீரைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வாரா வாரம் பரிசோதிப்பதும், தண்ணீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுவதும் எந்த மணலுக்கும் தவிர்க்க முடியாத வேலைகள்.

அமெரிக்காவில் இது சம்பந்தமாக ஒரு வேடிக்கை நடந்தது. 1990-களின் பிற்பகுதியிலும் 2000-த்தை ஒட்டிய வருஷங்களிலும், குழந்தைகள் விளையாடுவதற்காக மூட்டை மூட்டையாக விற்ற 'சவுத்டவுன்' என்ற மலிவான மணல், அசல் அரகோனைட்தான் என்று மீன் வளர்ப்பவர்கள் கண்டுகொண்டார்கள். அது கிழக்குப் பகுதி மாகாணங்களில் மட்டுமே கிடைத்தது. மற்ற ஊர்க்காரர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். மீன் கடைக்குள் நுழைந்தால் ஒரு விலை, விளையாட்டு மணலென்றால் இன்னொரு விலை! பொருள் ஒன்றே. நமக்கு இதில் உள்ள பாடம் என்னவென்றால், பையின் மேல் போட்டிருக்கும் மீன் படத்துக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

நம் ஊரில் என்ன கிடைக்கும்?

நம் கைக்கெட்டும் சரக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குவார்ட்ஸ் மணல்: நீச்சல் குளங்களிலும் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வடிகட்டிக்குப் போடுவதற்காக, ஒரே அளவாகச் சலித்து மூட்டையில் விற்கிறார்கள். சிலிக்கா மணல் என்றும் சொல்வார்கள். "சிலிக்கா போட்டால் தொட்டி முழுக்கப் பழுப்புப் பாசி படியும்" என்று ஒரு பயம் உண்டு. குவார்ட்ஸ் கடல் நீரில் கரைவதே அபூர்வம். புதிய தொட்டியில் எந்த மணல் போட்டாலும் முதல் சில வாரங்களில் பழுப்புப் பாசி வரும், பிறகு போய்விடும். மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இது தாராளமாகப் போதும். விரலிடையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். குத்தாமல் உருள வேண்டும்.

கிளிஞ்சல் நொறுக்கு: முட்டைக் கோழிகளுக்குச் சுண்ணாம்புச் சத்துக்காகத் தீவனத்தோடு சேர்ப்பது. அரகோனைட்டின் இனம்தான். மருந்தோ வேறு சத்துப் பொருளோ கலக்காததாகக் கேட்டு வாங்க வேண்டும். விளிம்புகள் கூராக இருப்பதால், மணலில் புதையும் மீன் வைத்திருப்பவர்களுக்கு உதவாது. மற்றவர்களுக்கு நல்ல மலிவு.

பளிங்குக் கல் பொடி: இதுவும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் கால்சைட் என்ற வடிவம். அரகோனைட்டைவிடக் கரைவது குறைவு. மெருகு எண்ணெயோ சிமெண்டோ கலந்த பட்டறைக் கழிவை வாங்கிவிடக் கூடாது.

எம்-சாண்ட்: கருங்கல்லை உடைத்துச் செய்தது. கூர்மையும் தூசியும் அதிகம். வீடு கட்ட ஆகும். மீன் வீட்டுக்கு ஆகாது.

ஆற்று மணல்: களிமண் கலந்திருக்கும். அது மட்டுமல்ல, ஆறுகளின் மணலை அள்ளி அள்ளி நிலத்தடி நீர் எங்கே போயிற்று என்று தேடும் காலத்தில், அழகுக்காக அதில் கை வைக்காமலிருப்பதே நல்லது.

சாயம் ஏற்றிய நீலமும் சிவப்புமான மணல்: கண்ணுக்கு அழகு, உப்பு நீரில் சாயம் என்ன செய்யும் என்று மீனிடம் பரிசோதனை செய்ய வேண்டாம்.

சமையலறைப் பரிசோதனை

மணல் தேர்வுக்குச் சோதனைச்சாலை தேவையில்லை. சமையலறையே போதும்.

ஒரு ஸ்பூன் மணலில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இனம். சும்மா இருந்தால் பெரும்பாலும் குவார்ட்ஸ். இரண்டும் ஆகும், எது என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். 'பவள மணல்' என்று சொல்லிக் குவார்ட்ஸைக் கொடுத்து இரட்டை விலை வாங்கினால் இந்த நாலு சொட்டு காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகு ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் அளைந்து பாருங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் இரும்புத் தாது இருக்கிறதென்று அர்த்தம். அந்த மணல் வேண்டாம்.

மூன்றாவதாக, ஒரு கண்ணாடி ஜாடியில் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். பத்து நிமிஷத்தில் தெளிந்தால் நல்ல சரக்கு. காப்பி நிறமாகவே நின்றால் களிமண், களைந்து மாளாது.

துகளின் அளவுக்கும் சமையலறை உவமைதான் சரி. மைதா மாவு போல் இருந்தால் மோட்டார் ஓட்டத்தில் பறந்து தொட்டியே மோர் போல் கலங்கும். துவரம் பருப்பு அளவு இருந்தால் இடுக்குகளில் தீனியும் கழிவும் இறங்கி அழுகும், நைட்ரேட் ஏறும். ரவைக்கும் அரிசிக் குருணைக்கும் நடுவே, அதாவது 1 முதல் 2 மில்லி மீட்டர் வரை இருப்பது பொதுவாக எல்லோருக்கும் ஏற்றது. மணலைச் சலிக்கும் கோபி வைத்திருந்தால் ரவைப் பக்கம் சாய்ந்து கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது?

மலிவின் பெரிய ரகசியம் இங்கேதான் இருக்கிறது. அளவு தெரியாமல் வாங்குவதுதான் பெரிய நஷ்டம்.

தொட்டியின் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் சென்டி மீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். அதை ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய கிலோ. 90 சென்டி மீட்டர் நீளமும் 45 அகலமும் உள்ள தொட்டியில் 3 சென்டி மீட்டர் உயரம் பரப்ப வேண்டுமானால் 12 லிட்டர். சுமார் 18 கிலோ. அதே தொட்டியில் 10 சென்டி மீட்டர் போட்டால் 60 கிலோ! விலையும் மூன்று மடங்கு. தாங்கு மேஜையின் பாரமும் அதிகம்.

அந்தப் பத்து சென்டி மீட்டர் எதற்கு? மெல்லிய மணலை ஆழமாகப் போட்டால் அடியில் காற்றில்லாத இடம் உண்டாகும். அங்கே வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். மொனாகோவில் ழான் ஷோபேர் என்ற விஞ்ஞானி, மணல் படுக்கைக்கு அடியில் தண்ணீர் தேங்கும் வெற்றிடம் விட்டு இந்த முறையைப் பிரபலமாக்கினார். அருமையான முறைதான், ஆனால் பழகிய கைகளுக்கு. பழைய ஆழமான படுக்கையைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்துடன் விஷ வாயு கிளம்பி மீன்களைக் கொன்றுவிடலாம். முதல் தொட்டிக்கு 3 சென்டி மீட்டர் போதும்.

களைவதும் உறை ஊற்றுவதும்

மணலை அரிசி களைவது போல் களைய வேண்டும். வாளியில் கால்வாசி மணல், மேலே தண்ணீர், கையால் அளைந்து கலங்கலைக் கவிழ்ப்பது. கழுநீர் தெளிவாகும் வரை பத்துத் தடவையானாலும் சலிக்கக் கூடாது. கடைசித் தடவை மட்டும் சுத்திகரித்த தண்ணீர். மூட்டையைப் பிரித்த உடனே தண்ணீர் தெளித்துவிடுங்கள். உலர்ந்த சிலிக்காத் தூசி மூச்சில் போவது நுரையீரலுக்கு ஆகாது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

தொட்டியில் முதலில் பாறைகளைக் கண்ணாடித் தரை மேல் ஆடாமல் வைத்து, பிறகு சுற்றிலும் மணலைப் பரப்ப வேண்டும். மணல் மேல் பாறையை வைத்தால், பள்ளம் தோண்டும் மீன் ஒரு நாள் அதைத் தன் மேலேயே தள்ளிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றும்போது மணல் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஊற்றுங்கள், கோலம் கலையாது.

'உயிர் மணல்' என்று ஈரத்தோடு பையில் அடைத்து விற்பதற்கு விலை அதிகம். நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கும் மணல் அது. அதைத் தொட்டி நிறைய வாங்குவது, ஒரு குடம் பாலுக்கு ஒரு குடம் தயிரை ஊற்றுவது போல. பாலை உறைய வைக்க ஒரு ஸ்பூன் மோர் போதுமல்லவா? ஆரோக்கியமான கடல் தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் ஒரு டம்ளர் மணல் கேட்டு வாங்கிப் புது மணல் மேல் தூவுங்கள். சில வாரங்களில் மணல் முழுவதும் உயிர் பெறும். ஆனால் அந்தத் தொட்டியில் மீன் வியாதிக்குச் செம்பு கலந்த மருந்து எப்போதாவது விட்டிருந்தால் அந்த மணல் வேண்டாம். சுண்ணாம்பு மணல் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறாலுக்கும் நத்தைக்கும் அது எமன்.

உறை ஊற்றிய உடனே தயிர் கேட்கக் கூடாது. நாலு முதல் ஆறு வாரம் வரை பொறுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று பரிசோதனையில் தெரிந்த பிறகே மீன். அதுவரை பையனின் நச்சரிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காசில்லாத மணல்

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கடற்கரையில் சும்மா கிடக்கிறதே, ஒரு பை அள்ளி வந்தால் என்ன?

நகரத்துக் கடற்கரை மணலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. சாக்கடைகள் கடலில் கலப்பதைச் சொல்லவே வேண்டாம். தெற்கே மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் முதலிய தாதுக்கள் இருக்கின்றன. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியமும் உண்டு. எத்தனை தடவை களைந்தாலும் இவை அரிசித் தவிடு போலப் போய்விடாது. போதாததற்கு, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடற்கரை மணலை வெட்டி எடுப்பதைத் தடுக்கின்றன. ஒரு பைதானே என்று நினைப்போம். கடற்கரைக்கு வருகிற ஒவ்வொருவரும் அப்படி நினைத்தால்?

இதைவிடக் கொடுமையான மலிவு ஒன்று இருக்கிறது. பவளப்பாறையை நொறுக்கி மணலாக்கி விற்பது.

வெப்ப மண்டலத் தீவுகளின் வெள்ளை மணல் எப்படி உண்டாகிறது தெரியுமா? கிளியின் அலகு போன்ற வாயுள்ள கிளிமீன், பாறையில் படிந்த பாசிக்காகப் பவளத்தைக் கடித்துத் தின்று, தொண்டையில் உள்ள பற்களால் அரைத்து, மணலாக வெளியேற்றுகிறது. ஒரு பெரிய மீன் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான ராத்தல் மணல் செய்துவிடும். செத்த சிப்பிகளும் சுண்ணாம்புப் பாசிகளும் அதோடு சேர்ந்து தூளாகின்றன. இப்படி எத்தனையோ காலமாகச் சேர்ந்ததுதான் அந்தக் கரை.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைக் காப்பாற்ற 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அதற்கு முன்பும் பின்பும், சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்குமாகப் பவளப்பாறைகளைப் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் மதில் போன பிறகு தீவு எப்படி நிற்கும்? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்ததால், அதைக் காப்பாற்றச் சிமெண்டுச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியிருந்தது.

2001-ல் நம் நாட்டுப் பாறைப் பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. அதனால் "செத்த பவளம்தான் அம்மா, கரையில் ஒதுங்கியது" என்று யாராவது கூறு கட்டி விற்றால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். நம் கூடத்தில் ஒரு சிறு கடலைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்காகப் பெரிய கடலை உடைப்பது நியாயமாகாது.

ஆக, கடைக்குப் போகும்போது கையில் கணக்குச் சீட்டு இருக்கட்டும்: இத்தனை சென்டி மீட்டர், இத்தனை கிலோ. கைப்பையில் ஒரு சின்னச் சீசாவில் வினிகர் இருக்கட்டும். மணலில் மிச்சப்படுத்திய காசைத் தண்ணீர் பரிசோதனைச் சாமான்களுக்கும் நல்ல உப்புக்கும் செலவிடுங்கள். மீன் உங்களை வாழ்த்தும். கிலோ என்ன விலை என்று கேட்ட கையோடு, "இது எங்கேயிருந்து வந்தது?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லக் கடைக்காரர் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.